அகெலோஸ்: பெயரும் கரையும் நகர்ந்த ஆறு

1830 பிப்ரவரி 3 அன்று லண்டனில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, கிரேக்கத்தைத் தன்னுரிமை பெற்ற நாடாக அறிவித்தது. நாடு என்றால் எல்லை வேண்டும். அந்த எல்லைக்கோடு மேற்கே அயோனியக் கடலில் கலக்கும் ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் தொடங்கியது. சிறிது தொலைவு அந்த ஆற்றோடு மேலேறிப் பின் மலைகளைக் கடந்து, கிழக்கே ஸ்பெர்கியோஸ் ஆறு ஏஜியன் கடலைச் சேரும் இடத்தில் முடிந்தது. மேற்கத்திய ஆற்றை அந்த ஆவணம் அஸ்ப்ரோபோட்டமோஸ் என்று குறிப்பிடுகிறது. வெள்ளை ஆறு என்பது அதன் பொருள். அக்கரையில் மாடு மேய்த்தவரும் இக்கரையில் சோளம் விதைத்தவரும் அப்போது வழங்கிய பெயர் அதுதான்.

இன்றைய கிரேக்க வரைபடத்தில் அந்தப் பெயரைத் தேடினால் ஆறு கிடைக்காது. அங்கே இருப்பது அகெலோஸ். ஹோமரும் தூசிடிடீஸும் எழுதிய அதே பெயர். 'பழைய பெயர் மீண்டது' என்று இதை ஒரு வரியில் சொல்லிவிடுவது வழக்கம். நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். மீண்ட பெயர் எக்காலத்திலும் இந்த ஓர் ஆற்றுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. அந்தப் பெயரைத் திரும்பப் பெற்ற ஆறும் பழையவர்கள் கண்ட ஆறு அல்ல.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். கிரேக்கத்தின் முதுகெலும்பாக வடக்கு தெற்காக ஓடுவது பிண்டஸ் மலைத்தொடர். அதன் நடுவே மெட்சோவோ என்ற மலையூரைச் சுற்றியுள்ள உயர்நிலம், நாட்டின் பெரிய நீர்பிரி மேடு. அங்கிருந்து ஆவோஸ் வடமேற்காக அல்பேனியாவுக்குள் போய் ஏட்ரியாட்டிக் கடலில் விழுகிறது. அராக்தோஸ் தெற்கே அம்ப்ராக்கியா வளைகுடாவுக்குப் போகிறது. பினியோஸ் கிழக்கே தெஸ்ஸலி சமவெளியை வளைத்து ஏஜியனுக்குச் செல்கிறது. அகெலோஸ் பிறப்பது இதே மேட்டின் லாக்மோஸ் மலையில். அங்கிருந்து ஏறக்குறைய 220 கிலோமீட்டர் தெற்கு நோக்கி ஓடி, மெஸ்ஸொலோங்கி நகருக்கு மேற்கே கடலை அடைகிறது. தொடக்கம் முதல் முடிவுவரை கிரேக்க மண்ணிலேயே ஓடும் ஆறுகளில் அலியாக்மோனுக்கு அடுத்து நீளமானது இதுதான்.

மேல்பள்ளத்தாக்கு குறுகலானது. மேற்கே த்சூமெர்க்கா மலைகள், கிழக்கே அக்ராஃபா மலைகள். தலைமடைக் கிராமங்கள் பலவற்றில் வாழ்பவர்கள் விலாக்குகள். லத்தீனிலிருந்து கிளைத்த ஒரு மொழியைப் பேசி, தலைமுறை தலைமுறையாக ஆட்டு மந்தைகளோடு கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் சமவெளிக்கும் போய்வந்த மக்கள். அயோனியக் கடலிலிருந்து வரும் மழைமேகங்கள் பிண்டஸின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்ந்துவிடுவதால் மலைக்கு மேற்கே தண்ணீர் மிகுதி. கிழக்கே விரிந்த, வளமான, ஆனால் தாகமெடுத்த தெஸ்ஸலி. இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 20ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றின் பெயர் நீதிமன்றங்களில் ஒலித்ததற்குக் காரணம் இதுவே.

பிண்டஸின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லும், எளிதில் உதிரும் களிமண் மணற்கல் அடுக்குகளும் சேர்ந்தது. பனி உருகும் காலத்திலும் அடைமழையிலும் அடுக்குகள் சரிந்து ஆற்றில் இறங்குகின்றன. பள்ளத்தாக்கு சற்றே அகலும் இடங்களில் ஆறு ஒற்றை ஓடையாக ஓடாமல், வெளிர்நிறக் கூழாங்கல் பரப்பில் பல இழைகளாகப் பிரிந்து ஓடும். கோடையில் மலையுச்சியிலிருந்து பார்த்தால் தண்ணீரைவிடக் கல்தான் அதிகம் தெரியும். வெள்ளை ஆறு என்ற பெயருக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. 'அஸ்ப்ரோஸ்' என்ற சொல்லே வந்தேறிதான். சொரசொரப்பைக் குறிக்கும் லத்தீன் சொல், புதிதாக அச்சடித்த, தேயாத வெள்ளிக்காசுக்கு அடைமொழியாகி, காசின் நிறம் வழியே கிரேக்கத்தில் வெண்மைக்குப் பொதுச்சொல்லானது என்பது சொல்லாய்வாளர்களின் முடிவு. ஹோமர் வெள்ளைக்கு வேறு சொல் வைத்திருந்தார். ஆகவே அஸ்ப்ரோபோட்டமோஸ் கிரேக்கர் நாவில் பிறந்த பெயர்தான், ஆனால் இடைக்காலக் கிரேக்கர் நாவில்.

அகெலோஸ் என்ற பெயரின் வேர் அப்படித் துலங்குவதில்லை. கிரேக்க மொழிக்கு முந்தைய சொல் என்று பலரும், வேறு வழிகளில் சிலரும் விளக்கியிருக்கிறார்கள், உடன்பாடு எட்டப்படவில்லை. அதைவிட முக்கியமானது, பழைய நூல்களில் அந்தப் பெயர் நடந்துகொள்ளும் விதம். ஹெசியட்டின் தெய்வ வமிசாவளியில் ஓகியனோஸுக்கும் டெதிஸுக்கும் பிறந்த நதிகளுள் ஒன்று அகெலோஸ். இலியாதின் 21ஆம் காண்டத்தில், தான் கொன்றவனின் முன் நின்று அகிலிஸ் பெருமை பேசும்போது, ஜீயஸுக்கு ஈடாக அகெலோஸ் அரசனே நிற்க முடியாது என்கிறான். அடுத்த அடி பெருங்கடலாகிய ஓகியனோஸைக் குறிப்பிடுகிறது. அலெக்சாந்திரியாவின் இலக்கண ஆசிரியர் செனோடோட்டஸ் அந்த அடியை ஏற்கவில்லை. அதை நீக்கிப் படித்தால் உலகின் கடல்கள், ஆறுகள், ஊற்றுகள் அனைத்துக்கும் மூலம் அகெலோஸே என்றாகிவிடுகிறது. எது மூலபாடம் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரு மாகாணத்து ஆற்றை உலக நீரின் தலைவனாகப் படிக்க ஒரு பேரறிஞருக்குக் கூச்சம் இல்லாமல் இருந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

அதே இலியாதின் 24ஆம் காண்டத்தில் இன்னோர் அகெலோஸ் வருகிறது. இது சின்ன ஆசியாவின் சிபிலோஸ் மலையருகே, அணங்குகள் நடனமாடும் கரையோடு. லாமியாவுக்கு அருகில் ஒன்றும், பெலொப்பொனீஸின் வடமேற்கில் டிமே நகரத்தருகில் ஒன்றும் இருந்ததை ஸ்ட்ராபோ பதிவுசெய்கிறார். ஆர்க்காடியாவின் லிக்காயோன் மலைப்பகுதியிலும் ஒன்று உண்டு என்கிறார் பௌசானியஸ். நம் பெரிய ஆற்றுக்கே முற்காலத்தில் தோவாஸ் என்று பெயர் இருந்ததாக ஸ்ட்ராபோ போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். அப்படியானால் ஹோமர் சொன்ன 'அரசன்' இந்த மேற்கத்திய ஆறுதானா என்ற கேள்வியே எழலாம்.

வழிபாட்டில் இது இன்னும் விரிகிறது. பிளேட்டோவின் ஃபைட்ரஸ் உரையாடலில் சாக்ரடீஸ் ஏதென்ஸுக்கு வெளியே இலிஸ்ஸோஸ் ஓடைக்கரையில் ஒரு மரத்தடியில் அமர்கிறார். சுற்றிக் கிடக்கும் சிறு உருவங்களைப் பார்த்து, இது அணங்குகளுக்கும் அகெலோஸுக்கும் உரிய இடம் என்கிறார். அங்கிருந்து அகெலோஸ் ஆறு இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஒரோப்போஸ் கோயிலின் பலிபீடத்தில் ஒரு பகுதி அணங்குகள், பான், கெஃபிசோஸ் ஆகியோரோடு அகெலோஸுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. டெல்ஃபியின் கஸ்தாலியா ஊற்று அவனுடைய மகள். கொரிந்தின் பெய்ரேனே ஊற்றும் அவன் மகளே என்றார்கள் சிலர். பாடி மயக்கி மாலுமிகளைக் கொல்லும் சைரன்களுக்கும் அவனே தகப்பன். யூரிபிடீஸின் 'பாக்காய்' நாடகத்தில் மாளிகை தீப்பற்றியதாக நினைத்து மன்னன் ஏவலாட்களிடம் 'அகெலோஸ்' கொண்டுவரச் சொல்வதாக ஒரு வரி வருகிறது. அங்கே அதற்குத் தண்ணீர் என்பதற்கு மேல் பொருள் இல்லை.

கி.மு. 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எஃபோரஸ் இதற்கு ஒரு காரணம் தேடினார். அவர் எழுதியதை நெடுங்காலம் கழித்து மாக்ரோபியஸ் எடுத்தெழுதியதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. மற்ற ஆறுகளுக்கு அந்தந்த ஊரார் மட்டுமே பலி கொடுக்கிறார்கள். அகெலோஸுக்கு மட்டும் எல்லாரும் கொடுக்கிறார்கள். ஏனென்றால் டொடோனா ஆலயத்தின் தெய்வவாக்கு எதைச் சொன்னாலும் கடைசியில் அகெலோஸுக்குப் பலி கொடு என்று சேர்த்துச் சொல்வது வழக்கம்; கேட்டுச் சென்றவர்கள் அதைப் பொதுவாக நீருக்கே பலி என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது எஃபோரஸின் வாதம். அதாவது ஆற்றின் பெயர் முதலில், பொதுச்சொல் பிறகு. டொடோனா இந்த ஆற்றுக்கு அயலிலுள்ள எபிரஸ் நாட்டில் இருப்பதால் வாதம் பொருந்தித்தான் வருகிறது. எனக்கென்னவோ எதிர்த்திசையும் அதே அளவு பொருந்துகிறது. நீரைக் குறித்த ஒரு பழஞ்சொல் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு ஆறுகளின் மேல் தங்கி, அவற்றுள் மிகப் பெரியது மற்றவற்றின் நினைவை விழுங்கியிருக்கலாம். சிபிலோஸ் முதல் டிமே வரை சிதறிக் கிடக்கும் அகெலோஸ்களை டொடோனாவின் வழக்கம் ஒன்றைக் கொண்டே விளக்குவது கடினம்.

பெயரை இங்கே நிறுத்திவிட்டு ஆற்றின் வாய்க்கு வருவோம். உலகப் புவியியல் சிந்தனையில் அகெலோஸுக்கு ஓர் இடம் உண்டென்றால் அது அதன் முகத்துவாரத்தால் வந்தது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எகிப்தைப் பற்றி எழுதுகிறார். நைல் வண்டல் கொட்டிக் கொட்டித்தான் அந்தச் சமவெளி உருவாயிற்று என்று வாதிடும் அவர், நைலுக்கு அருகில் வர முடியாத சின்ன ஆறுகளே பெரிய வேலைகள் செய்திருக்கின்றன என்று சொல்லி ஒரு சான்று காட்டுகிறார்: அகெலோஸ் கடலில் கலக்குமிடத்திலுள்ள எக்கினாடஸ் தீவுகளில் பாதியை ஏற்கெனவே நிலத்தோடு சேர்த்துவிட்டது. எகிப்தை விளக்க ஒரு கிரேக்க ஆறு சாட்சி சொல்கிறது.

அடுத்த தலைமுறையில் தூசிடிடீஸ் அதே இடத்துக்கு வருகிறார். பெலொப்பொனீசியப் போரின் மூன்றாம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் தளபதி ஃபோர்மியோ அகர்னானியாவில் படையெடுத்தபோது, முகத்துவாரத்திலுள்ள ஒய்னியாடை நகரத்தை மட்டும் தாக்க முடியவில்லை. காரணம் சொல்லும் சாக்கில் தூசிடிடீஸ் ஆற்றின் முழுப் போக்கையும் எழுதிவிடுகிறார்: பிண்டஸில் பிறந்து, டோலோப்பியா வழியாக, அக்ராயர், அம்ஃபிலோக்கியர் நாடுகளைக் கடந்து, ஸ்ட்ராட்டோஸ் நகரை ஒட்டி, ஒய்னியாடை அருகே கடலில் விழுகிறது; நகரைச் சுற்றிக் குளம் கட்டிவிடுவதால் குளிர்காலத்தில் அங்கே படை நடத்த இயலாது. பிறகு தீவுகளைப் பற்றி ஒரு நுட்பமான கவனிப்பு. தீவுகள் நேர்வரிசையில் இல்லாமல் முன்னும் பின்னுமாகக் கிடப்பதால் ஆற்றுநீர் கடலுக்குள் நேராக ஓடிப்போக வழியில்லை. வண்டல் இடையில் சிக்கி நிற்கிறது. ஆகவே வெகு காலம் ஆகாமலேயே எல்லாத் தீவுகளும் நிலமாகிவிடும் என்று கணிக்கிறார். போர் வரலாற்றுக்குள் இப்படி ஒரு பத்தி இருப்பதைப் பலர் விலகல் என்று தாண்டிவிடுகிறார்கள். வண்டல் படிவதற்கு நீரின் சுமை மட்டுமன்றி, எதிரே கிடக்கும் நிலத்தின் அமைப்பும் காரணம் என்று இத்தனை தெளிவாக எழுதிய முன்னோடி ஒருவரைக் காட்டுவது எளிதல்ல.

அதே மூச்சில் அவர் ஒரு கதையும் சொல்கிறார். தாயைக் கொன்ற அல்க்மியோன் பழி துரத்த ஊர் ஊராக அலைகிறான். அப்பல்லோவின் வாக்கு: நீ தாயைக் கொன்ற நாளில் சூரியன் கண்டிராத, நிலமாகவே இல்லாதிருந்த இடத்தில்தான் உனக்கு ஓய்வு, மற்ற நிலமெல்லாம் உன்னால் தீட்டுப்பட்டுவிட்டது. அப்படி ஓர் இடம் எங்கே இருக்க முடியும்? அல்க்மியோன் கண்டுபிடித்துவிட்டான்: அகெலோஸ் அண்மையில் கொட்டிய வண்டல் திட்டு. அங்கே குடியேறினான்; அவன் மகன் அகர்னானின் பெயரே நாட்டின் பெயராயிற்று. இந்தப் புராணம் பிறக்க ஒரு முன்நிபந்தனை உண்டு. ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் புதுநிலம் எழும்பும் கடற்கரையில் வாழ்ந்தவர்களால் மட்டுமே இதைக் கற்பனை செய்திருக்க முடியும்.

ஆனால் தூசிடிடீஸின் கணிப்பு பலிக்கவில்லை. ஏறக்குறைய ஆறு நூற்றாண்டு கழித்து கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பௌசானியஸ் எழுதும்போதும் எக்கினாடஸ் தீவுகள் தீவுகளாகவே இருந்தன. ஏன்? அவருடைய பதில் வியப்பளிக்கிறது. ஏட்டோலியா மக்கள் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நாடு முழுவதும் தரிசாகிவிட்டது. உழவு இல்லாததால் அகெலோஸ் முன்போல வண்டல் சுமந்து வரவில்லை. உடனே மாற்றுச் சான்று ஒன்றும் வைக்கிறார்: ஆண்டுதோறும் உழப்படும் ஃப்ரீஜியா, கேரியா நாடுகள் வழியே ஓடும் மியாண்டர் ஆறு, பிரியேனேக்கும் மிலேட்டஸுக்கும் இடையிலிருந்த கடலைக் குறுகிய காலத்தில் நிலமாக்கிவிட்டது. ஏட்டோலியர்கள் வெளியேறியது அகஸ்டஸின் ஆணையால். கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் வென்ற அவர், வெற்றி நகரமாக நிக்கோப்போலிஸைக் கட்டி, அதை நிரப்பச் சுற்றுப்புற மக்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார். ஒரு பேரரசனின் குடியேற்றக் கொள்கை, மலைச்சரிவில் கலப்பை நின்றது, கடலோரத்தில் வண்டல் குறைந்தது என மூன்றையும் ஒரே சங்கிலியில் கோத்தவர் கோயில்களையும் சிலைகளையும் பார்த்துக் குறிப்பெடுத்த ஒரு பயணி. அவர் சொன்ன அளவு சரியா என்பதைப் பற்றி இன்றைய மண்ணியலாளர்கள் வாதிடலாம். அவர் கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்றைய நிலை? தீவுகள் சில வயல்களுக்கு நடுவே குன்றுகளாக நிற்கின்றன. டெல்டாவில் துளையிட்டு மண்ணடுக்குகளை எடுத்துப் பார்த்த ஆய்வுகள், கௌட்சிலாரிஸ் குன்று முன்பு கடல் சூழ்ந்த தீவாக இருந்ததைக் காட்டுகின்றன. ஒய்னியாடையின் கப்பல் கொட்டகைகள் பாறையைக் குடைந்து செய்யப்பட்டவை. கரையேற்றிய போர்க்கப்பல்களை வெயில் மழை படாமல் நிறுத்திய இடங்கள். 1900-01இல் அமெரிக்கத் தொல்லியலாளர்கள் அகழ்ந்த அந்தத் துறைமுகம் இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்வெளி ஓரத்தில் இருக்கிறது. எஞ்சிய தீவுகள் இன்னும் கடலில்தான் உள்ளன.

டெல்டா நிலத்துக்குப் பராக்கெலோயிட்டிஸ் என்று பெயர். அகெலோஸை ஒட்டிய நாடு என்று பொருள். ஆறு அகர்னானியாவுக்கும் ஏட்டோலியாவுக்கும் எல்லை. எல்லையே வெள்ளத்தில் இடம் மாறினால் என்ன ஆகும்? எல்லைக்கற்கள் ஆண்டுக்கு ஆண்டு அடையாளம் தெரியாமல் போயின, தீர்த்துவைக்க நடுவர் இல்லை, ஆயுதம் எடுத்தார்கள், வலுத்தவன் வென்றான் என்கிறார் ஸ்ட்ராபோ. ஹெராக்ளீஸ் அகெலோஸோடு மல்லுக்கட்டிய கதையையும் அவர் இதிலிருந்தே விளக்குகிறார். கதை தெரிந்ததுதான்: டெயனீராவை மணக்க இருவரும் போட்டியிட, ஆற்றுத் தெய்வம் பாம்பாகவும் காளையாகவும் உருமாறிப் பொருதது, ஹெராக்ளீஸ் ஒரு கொம்பை முறித்தார், அந்தக் கொம்புக்கு ஈடாகவோ அதுவாகவோ வளம் வற்றாத அமல்தெயாவின் கொம்பு வந்தது. சோஃபோக்ளீஸ் இதை நாடகத்தில் வைத்தார், ஒவிட் அகெலோஸையே கதைசொல்லி ஆக்கினார், அகர்னானியா நாணயங்களில் கொம்பு முளைத்த மனிதமுகமாக இந்த ஆறு அச்சாகியிருக்கிறது. நெளிந்து ஓடுவதால் பாம்பு, இரைச்சலாலும் கொம்பு போன்ற வளைவுகளாலும் காளை, கரைகட்டி வாய்க்கால் வெட்டி ஆற்றை அடக்கியதுதான் கொம்பை முறித்தது, அதனால் வறண்டு கிடைத்த வண்டல் நிலமே வளத்தின் கொம்பு என்பது ஸ்ட்ராபோ தரும் விளக்கம். புராணத்தை இப்படி அறிவுக்கு இணங்க உரித்துவைப்பது எப்போதும் சரியாக வராது. இங்கே மறுக்கத் தோன்றவில்லை. ஆண்டுதோறும் எல்லைக்கல்லை அடித்துச் செல்லும் ஆற்றோடு சண்டையிட்ட உழவர்கள் அங்கே உண்மையிலேயே இருந்தார்கள்.

ரோமானியருக்குப் பின் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பெயர் இரண்டு தடங்களில் ஓடியது. ஏட்டில் அகெலோஸ் அழியவில்லை. நௌபாக்டோஸ் பேராயத்தின் கீழ் அகெலோஸ் என்ற பெயரில் ஓர் ஆயர் தொகுதி இருந்தது. 1359இல் எபிரஸ் அரசர் இரண்டாம் நிக்கிஃபோரஸ் அல்பேனியக் குலங்களோடு மோதி மடிந்த இடத்தையும் வரலாறு அகெலோஸ் என்றே எழுதுகிறது. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு போர் உண்டு: 917 ஆகஸ்ட் 20 அன்று பல்கேரிய அரசர் சிமியோன் பைசாந்தியப் படையை நொறுக்கிய அகெலோஸ் போர். அது நடந்தது கருங்கடலோரத்தில். அந்தச் சிற்றாறு பல்கேரியாவில் இன்றும் அகெலோய் என்றே ஓடுகிறது. பண்டைய பொதுப்பெயரின் சிதறல் அங்கேயும்.

பேச்சில் ஆறு அஸ்ப்ரோபோட்டமோஸ் ஆனது, சுருக்கமாக அஸ்ப்ரோஸ். முகத்துவாரத் தீவுகளை வெனிஸ் மாலுமிகள் குர்த்சொலாரி என்றார்கள். 1571இல் ஸ்பெயினும் வெனிஸும் போப்பாண்டவரும் சேர்ந்த கூட்டணி, ஒட்டோமான் கடற்படையை முறியடித்த போரை உலகம் லெப்பாந்தோ போர் என்கிறது. லெப்பாந்தோ என்பது நௌபாக்டோஸின் இத்தாலியப் பெயர். ஒட்டோமான் கப்பல்கள் கிளம்பிய துறைமுகம். மோதல் நடந்தது அதற்கு வெகு மேற்கே, அகெலோஸ் கொட்டிய வண்டலுக்கும் எக்கினாடஸ் தீவுகளுக்கும் முன்னால். ஊருக்குப் பேர் கிடைத்தது, ஆற்றுக்குக் கிடைக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் மார்ட்டின் லீக், பூக்வீல் போன்ற ஐரோப்பியப் பயணிகள் தூசிடிடீஸையும் ஸ்ட்ராபோவையும் துணைக்கு வைத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குகளில் நடந்தார்கள். ஊராரிடம் கேட்ட பெயரையும் நூலில் படித்த பெயரையும் அருகருகே எழுதினார்கள். அது அடையாளம் காணும் முயற்சி. புதிய கிரேக்க அரசு செய்தது வேறு. நூலிலுள்ள பெயரைக் கொண்டு ஊரார் பெயரை மாற்றியது. எல்லை 1832இல் வடக்கே அம்ப்ராக்கியா வளைகுடாவுக்கு நகர்ந்ததும் ஆற்றின் கீழ்ப்பகுதி கிரேக்கத்துக்குள் வந்தது. தலைமடை 1881வரை ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. 1909இல் நாட்டுப்புறவியல் அறிஞர் நிக்கொலாவோஸ் பொலிட்டிஸ் தலைமையில் இடப்பெயர் ஆய்வுக்குழு அமைந்தபின், துருக்கிய, ஸ்லாவிய, அல்பேனிய ஒலியுள்ள ஊர்ப்பெயர்கள் ஆயிரக்கணக்கில் களையப்பட்டன.

ஆறுகளும் இந்த அலையில் பெயர் மாறின. சலம்வ்ரியாஸ் பினியோஸ் ஆனது. ருஃபியாஸ் அல்ஃபியோஸ் ஆனது. ஃபிடாரிஸ் எவினோஸ் ஆனது. விஸ்ட்ரிட்சா அலியாக்மோன் ஆனது. அகெலோஸின் பெரிய துணையாறு மெக்டோவாஸ், ஆவணங்களில் டாவ்ரோபோஸ் ஆயிற்று. மலைக்கிராமங்களில் இன்றும் மெக்டோவாஸ்தான். 1821 விடுதலைப்போரின் தியாகி அதனாசியோஸ் டியாக்கோஸ் பிடிபட்டது அலமானா பாலத்தில். அலமானா என்பது ஸ்பெர்கியோஸ் ஆற்றுக்கு அப்போதிருந்த பெயர். போரை இப்போதும் அலமானா போர் என்றுதான் படிக்கிறார்கள், ஆற்றை ஸ்பெர்கியோஸ் என்று.

ஸ்லாவிய, துருக்கியப் பெயர்கள் நீக்கப்பட்டதற்கு அரசியல் நோக்கம் வெளிப்படை. அஸ்ப்ரோபோட்டமோஸ் விஷயத்தில் அந்தச் சாக்குகூட இல்லை. அது கிரேக்கப் பெயர், கிரேக்கம் பேசியவர்கள் கல்லையும் நீரையும் பார்த்து வைத்த பெயர், நாட்டைத் தன்னுரிமை பெற்றதாக அறிவித்த உடன்படிக்கையிலேயே இடம்பெற்ற பெயர். செம்மொழிக் காலத்துப் பழமை இல்லை என்பதே அதன் குற்றம். என் மதிப்பீட்டில் இந்த மாற்றத்தின் இழப்பு ஆற்றின் வரலாற்றைவிட அதன் தோற்றத்தைச் சார்ந்தது. அகெலோஸ் என்ற பெயர் ஹோமரை நினைவூட்டும். ஆற்றைக் கண்முன் நிறுத்தாது.

வெள்ளைக் கல்படுகையின் பெரும்பகுதி இப்போது நீருக்கடியில் இருக்கிறது. 1960களில் கட்டிய கிரெமாஸ்டா அணை 160 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மண்ணணை; அது உண்டாக்கிய ஏரி கிரேக்கத்தின் மிகப் பெரிய செயற்கை ஏரி. அக்ராஃபியோட்டிஸ், மெக்டோவாஸ், டிரிக்கெரியோட்டிஸ் ஆறுகள் அகெலோஸோடு சேர்ந்த இடம் முழுக்க அதில் மூழ்கிவிட்டது. எபிஸ்கோப்பி என்ற பழைய தேவாலயமும் மூழ்கியது. அதன் சுவரோவியங்களை முன்கூட்டிப் பெயர்த்தெடுத்து ஏதென்ஸ் பைசாந்திய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1965 கோடையில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். 1966 பிப்ரவரி 5 அன்று அப்பகுதியைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. நீர்த்தேக்கத்தின் பாரம் நிலத்தை அசைக்குமா என்ற ஆய்வுகளில் கிரெமாஸ்டா தவறாமல் இடம்பெறுகிறது. கீழே 1969இல் கஸ்ட்ராக்கி, 1989இல் ஸ்ட்ராட்டோஸ் அணைகள். மலையிலிருந்து வரும் வண்டல் மூன்று ஏரிகளின் அடியில் தங்கிவிடுவதால் டெல்டாவுக்குப் போவது பெரிதும் குறைந்துவிட்டது. பௌசானியஸ் காலத்தில் உழவு நின்றதால் நேர்ந்தது, இப்போது அணையால் நேர்கிறது. எக்கினாடஸில் எஞ்சிய தீவுகளைத் தூசிடிடீஸின் கணிப்பிலிருந்து காப்பாற்றியவர்கள் மின்வாரியப் பொறியாளர்கள் என்றால் மிகையில்லை.

அணைகளோடு ஆறு நின்றுவிடவில்லை. மேல் அகெலோஸின் நீரை மலைக்குள் குடைந்த 17 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுரங்கம் வழியே தெஸ்ஸலிக்குத் திருப்பும் திட்டம் 1980களில் உருப்பெற்றது. முன்னுதாரணம் இருந்தது: மெக்டோவாஸின் நீரைத் தேக்கும் பிளாஸ்டிராஸ் ஏரி 1960 வாக்கிலிருந்தே தன் தண்ணீரைத் தெஸ்ஸலிப் பக்கம் கொட்டிவருகிறது. பருத்தி விவசாயிகளுக்குத் தண்ணீர் தேவை. டெல்டாவின் சதுப்புக்கும் பள்ளத்தாக்கின் ஊர்களுக்கும் ஆறு தேவை. நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான அரசு மன்றம் 1994, 2000, 2005 ஆண்டுகளில் திட்டத்தின் அனுமதிகளை ரத்து செய்தது. 2006இல் சட்டமே இயற்றி அரசு அதைத் தாண்டப் பார்த்தது. வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போய் 2012இல் அதன் தீர்ப்பு வந்தது. 2014இல் அரசு மன்றம் மீண்டும் தடுத்தது. இதற்கிடையே மெசோகோரா அணை 150 மீட்டர் உயரத்துக்கு 2001இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏரி நிரம்பினால் தங்கள் வீடுகள் மூழ்கும் என்று அவ்வூர் மக்கள் எதிர்த்து நின்றார்கள்; அணை நிரப்பப்படாமல் ஆண்டுக்கணக்கில் வெறுமனே நின்றது. இத்தனை வழக்குகளின் தலைப்பிலும் இருந்த பெயர் அகெலோஸ். ஹோமருக்குப் பின் அந்தப் பெயர் இவ்வளவு பேர் வாயில் நுழைந்தது இந்தச் சண்டையில்தான்.

அஸ்ப்ரோபோட்டமோஸ் முற்றிலும் போய்விடவில்லை. தலைமடையில், திரிக்கலா மாவட்டத்து மலைக்கிராமங்களின் தொகுதிக்கு இன்றும் நிர்வாகப் பெயர் அஸ்ப்ரோபோட்டமோ. அதே ஆற்றைத் தொடர்ந்து கீழே இறங்கினால், கர்டிட்சா மாவட்டத்தில் இன்னொரு தொகுதியின் பெயர் அகெலோஸ்.